எட்டுப் பெட்டியும் ஒரு ட்ரில்லும்

மே 2, சனி

பியூலா வந்து இறங்கிவிட்டாள். என் கணவரின் தங்கை. பெங்களூரில் பியானோ கற்றுக்கொடுக்கிறவள். வயது நாற்பத்து நான்கு. என்னைவிட ஏழு வயது இளையவள், ஏழு கிலோ குறைந்தவள். (இரண்டாவது எண்ணை எனக்குச் சாதகமாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.)

ஒரு மாத லீவு என்றாள். ஒரு மாத லீவுக்கு எட்டு அட்டைப் பெட்டிகள், ஒரு மின்சாரப் பியானோ, அதைத் தூக்க வேனோடு இரண்டு ஆட்கள். "மாப்பிள்ளை வரலியா?" என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் என் கணவர் தனசிங், "சுகிர்தா, காப்பி போடு" என்றார். இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் அவர் இவ்வளவு வேகமாக எதையும் சொன்னதில்லை.

நான் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டிகளை மட்டும் இரண்டு தடவை எண்ணினேன்.

மே 3, ஞாயிறு

ஜூன் 14 எங்கள் ஆலயத்தின் பிரதிஷ்டைப் பண்டிகை. காணிக்கை எடுக்கும் நேரத்தில் ஆர்கனில் தனியாக ஒரு உருப்படி வாசிக்க வேண்டும் என்று ஐயர் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் குருவானவரைத்தான் ஐயர் என்போம். புதிதாக மாற்றலாகி வந்தவர், எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய ஆசைப்படுகிறவர்.

நான் இந்த ஆலயத்தில் இருபத்து மூன்று வருடமாக ஆர்கன் வாசிக்கிறேன். வாரநாட்களில் பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆய்வக உதவியாளர். இரண்டு இடத்திலும் என் வேலை ஒன்றுதான்: எதுவும் வெடிக்காமல் பார்த்துக்கொள்வது. ஆலய அலமாரியைக் குடைந்து ஒரு பழைய புத்தகத்தில் ஒரு மினுவெட்டை, அதாவது ஐரோப்பிய நடன மெட்டு ஒன்றை, பிடித்தேன். முந்நூறு வருடத்துக்கு முந்தியது. தேர்ந்தெடுத்த காரணம்: இரண்டே பக்கம். ஸ்வரங்களின் தலைக்கு மேல் புழு நெளிகிற மாதிரி நிறைய கோடுகள் இருந்தன. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆராதனை முடிந்ததும், பாடகர் குழுவில் சொப்ரானோ பாடும் வயலட் டீச்சர் பிடித்துக்கொண்டாள். "நாத்தனா வந்துருக்காளாமே?" ஒன்றும் சொல்லவில்லை. எட்டுப் பெட்டி என்று மட்டும் சொன்னேன். அதோடு, ஒரு பேச்சுக்கு, இன்னும் இரண்டொரு வார்த்தை.

மே 5, செவ்வாய்

மினுவெட்டைப் பியூலாவிடம் வாசித்துக் காட்டினேன். பாராட்டுவாள் என்று முகத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"மைனி, இந்த நெளிக்கோடு இருக்கே, இத என்னன்னு வாசிச்சிய?"

"ட்ரில். அது தெரியாதா? கிணுகிணு."

"கிணுகிணு சரி. எந்த ஸ்வரத்துல ஆரம்பிச்சிய?"

எழுதியிருக்கிற ஸ்வரத்தில்தான். வேறு எதில் ஆரம்பிப்பார்கள்? அங்கேதான் குற்றமாம். அந்தக் காலத்து இசையில் ட்ரில்லை மேல் ஸ்வரத்தில் ஆரம்பித்துக் கீழே எழுதியிருக்கும் ஸ்வரத்துக்கு இறங்க வேண்டுமாம். நான் டோரே டோரே என்று வாசித்தது ரேடோ ரேடோ என்று இருக்க வேண்டும். அதுவும் தாளம் விழுகிற அந்த இடத்திலேயே. என்னைப் போல முன்கூட்டியே ஓடிப்போய் நிற்கக் கூடாது.

"ஏம்ட்டி, ரெண்டும் ஒரே ரெண்டு கட்டைதானே? எதுல ஆரம்பிச்சா என்ன?"

"மேல் ஸ்வரம் இடது கையோட உரசும் மைனி. உரசி, பொறவு எறங்கி ஒத்துப் போவும். அந்த உரசல்லதான் ருசி. நீங்க ருசிய மட்டும் கரெக்டா எடுத்து வெளிய போட்டுட்டிய."

இருபத்து மூன்று வருடமாக ருசி இல்லாமல் பரிமாறியிருக்கிறேன். ஒருவரும் இலையை விட்டு எழுந்திருக்கவில்லை. நல்ல சபை.

மே 6, புதன்

மேலிருந்து. மேலிருந்து. மேலிருந்து. தோசை கருகியது.

மே 9, சனி

இன்றைய பாடம்: அவசரப்படாதே. ட்ரில்லை மெதுவாக ஆரம்பித்து வேகம் கூட்ட வேண்டும். மேல் ஸ்வரத்தில் ஒரு நொடி சாய்ந்து நிற்க வேண்டும். மணிக்கட்டு இறுகக் கூடாது. என் மணிக்கட்டைப் பியூலா தூக்கிப் பார்த்து, "இது என்ன, இரும்பு ஸ்டாண்டா?" என்றாள். ஆய்வகத்தில் இருபது வருடம் புட்டியைக் கீழே விடாமல் பிடித்த கை.

அந்தக் காலத்து இசைப் பெட்டியில் ஒரு கட்டையைத் தட்டினால் ஓசை உடனே செத்துப்போகுமாம். அதை உயிரோடு வைத்திருக்கத்தான் இத்தனை நடுக்கமும் சுழிப்பும். எனக்கு இது உடனே விளங்கியது. எந்தச் செய்தியும் அப்படித்தான், அப்படியே விட்டால் இரண்டு நிமிடத்தில் ஆறிப்போகிறது.

இன்னொன்றும் சொன்னாள். முதலில் இந்த ட்ரில், சுழிப்பு என்கிற நகை ஒன்றும் இல்லாமல் மொட்டையாக வாசிக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகப் பென்சிலால் குறித்து, எழுதியவர் போட்டது எது, நாம் சேர்த்தது எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். மொட்டையாக வாசித்தேன். பாவமாக இருந்தது, முகம் கழுவிவிட்டு ஒரு குண்டுமணி நகைகூட இல்லாமல் நிற்கிற மணப்பெண் போல.

"நல்லாதான இருக்கு" என்றார் தனசிங், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். அவர் இதுவரை சொல்லியிருக்கும் விமர்சனங்களிலேயே நீளமானது.

மாப்பிள்ளையிடமிருந்து இந்த வாரமும் போன் இல்லை. நான் கவனிக்கவில்லை. கண்ணில் பட்டது.

மே 10, ஞாயிறு

இன்று ஆலயத்தில் விபத்து.

எங்கள் சபை நிதானமாகப் பாடும். ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குமுன் எல்லோரும் மூச்சு வாங்கி, சேலையைச் சரிசெய்து, பக்கத்து பெஞ்சைப் பார்ப்பார்கள். அந்த இடைவெளி மொட்டையாக இருக்கிறதே என்று நான் ஒரு கிணுகிணு போடுவேன். வருடக்கணக்கில் அதுவே சட்டமாகிவிட்டது. கிணுகிணு முடிந்தால்தான் அடுத்த வரி. பெரியவர் சிறியவர் யாரும் அதற்குமுன் வாய் திறப்பதில்லை.

இன்று நான் படித்த பெண் ஆகிவிட்டேனே! ட்ரில்லை முறைப்படி வரியின் கடைசி ஸ்வரத்துக்குள்ளேயே, தாளத்தில், மேலிருந்து ஆரம்பித்து அழகாக முடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். சபை வரவில்லை. முந்நூறு பேர் மூச்சை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு கிணுகிணுவுக்காகக் காத்திருந்தார்கள். நான் மூன்றாம் வரியில் இருந்தேன். பாஸ் பாடும் இன்பராஜ் அண்ணாச்சி மட்டும் என்னை நம்பிப் பாடி, தனியாக மாட்டிக்கொண்டார்.

ஐயர் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து ஃபேனைப் பார்த்தார்.

பியூலா பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஜெபம் என்று நினைத்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்தால் ஜெபம் இல்லை. வந்ததிலிருந்து அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

மே 13, புதன்

பாடகர் குழு ஒத்திகை. பியூலாவைப் பற்றி ஊரில் ஒரு கதை உலாவுகிறதாம். ஆல்டோ பாடும் அக்சாள் என்னிடமே வந்து சொன்னாள், ரகசியமாக. மாப்பிள்ளைக்குக் கம்பெனியில் வேறொரு பெண்ணோடு தொடர்பு, பச்சைச் சேலைக்காரி. மலேசியாவில் குடித்தனம். இரட்டைக் குழந்தைகள். போலீஸ் கேஸ்.

அதிர்ந்துபோனேன். இந்த ஊரில் யார்தான் இப்படியெல்லாம் கிளப்பிவிடுகிறார்களோ.

மே 16, சனி

எங்கள் சபைப் பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியை வேலை காலி. பியூலா மனுப் போட்டிருக்கிறாள். ஒரு மாத லீவில் வந்தவள் மனுப் போட்டதைப் பற்றித் தனசிங்கும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. 28ஆம் தேதி நேர்காணல். பள்ளியின் தாளாளர் ஐயர்தான்.

"கெடைச்சா இங்கயே இருந்துருவேன் மைனி" என்றாள் கீரை ஆய்ந்தபடி. "கெடைக்கலன்னா ஹைதராபாத்ல ஒரு பழைய மாணவி கூப்பிடுதா. அங்க எனக்கு யாரையும் தெரியாது. அது ஒரு வகையில வசதிதான்."

வசதி என்ற சொல்லை அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

மே 20, புதன்

ஐயர் தனசிங்கைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். "தப்பா எடுத்துக்கிடாதிய. தங்கச்சி தெறமைசாலிதான். ஆனா ஒரு பேச்சு அடிபடுதுல்லா? பெத்தவங்க வந்து கேட்டா நான் என்ன சொல்ல? கேஸ் கீஸுன்னு வேற சொல்லுதாங்க."

தனசிங் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது பியூலா வாசற்படியில் நின்றிருந்தாள். உள்ளே போய்ப் பியானோவில் ஸ்கேல் வாசித்தாள். ட்ரில் இல்லை, சுழிப்பு இல்லை. மேலே, கீழே, மேலே, கீழே. இரண்டு மணி நேரம்.

எனக்குத் தலைவலி. மாத்திரை போட்டேன்.

மே 21, வியாழன்

ஐயரைப் பார்த்து ஒரு விஷயம் பேசலாம் என்று போனேன். அவர் இல்லை. வியாழக்கிழமைகளில் அவர் கிராமச் சபைகளுக்குப் போய்விடுவார்.

மே 23, சனி

இன்றும் போனேன். இருந்தார். ஆர்கனில் ஒரு பெடல் கிறீச்சிடுகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பெடலில் ஒன்றும் கோளாறு இல்லை.

மே 25, திங்கள்

பியூலா ஒரு பெட்டியைத் திறந்து திரும்ப டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டேன். "ஹைதராபாத்துக்குத்தான். புதன்கிழமை டிக்கெட் போடலாம்னு பாக்கேன். நேர்காணலுக்குப் போயி என்னத்துக்கு?"

உட்கார்ந்தேன். முருங்கைக்காய் விலையைப் பற்றிப் பேசினேன். வயலட் டீச்சரின் மூட்டுவலியைப் பற்றிப் பேசினேன். மனிதர்கள் பேசுவது எப்படிக் கை மாறுகிறது, நல்ல எண்ணத்தோடு சொல்வதும் எப்படித் திரிந்து...

"மைனி, நகையெல்லாம் கழத்தி வச்சிட்டுச் சொல்லுங்க."

"நான்தான் சொன்னேன்."

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"பச்சச் சேலை. இந்த ஊர்ல வேற யாரு அந்தப் பொம்பளைக்குச் சேலைக் கலரு வரைக்கும் யோசிப்பா?"

என் வாழ்நாளில் என் கைவேலையை ஒருவர் இவ்வளவு துல்லியமாக அடையாளம் கண்டதில்லை. பெருமைப்படும் நேரம் அது இல்லை. கொஞ்சம் பட்டேன்.

பிறகு அவளே சொன்னாள். "அவ்வோ நல்ல மனுஷன் மைனி. ஒத்து வரல. ரெண்டு வருஷம் பாத்தோம். பிரிஞ்சிட்டோம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

பச்சைச் சேலை வேண்டாம், ஒரு சண்டை, உடைந்த பீங்கான் கோப்பை ஒன்றாவது? எதுவும் இல்லை. அந்த நான்கு வாக்கியத்தைச் சொல்ல அவளுக்கு எட்டுப் பெட்டி தூக்கி, இவ்வளவு தூரம் வந்து, இருபத்து மூன்று நாள் ஆகியிருக்கிறது. நான் அதைக் கேட்காமலே இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்திருந்தேன், தப்பாக.

"எங்கிட்ட கோவம் இல்லியா?"

"இருக்கு மைனி. நெறைய இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். இதற்கும் ஒரு கிணுகிணு கிடையாது.

நான் டேப்பை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். "புதன்கிழமை டிக்கெட் போடாத. அன்னைக்கு ஒத்திகை இருக்கு. நீயும் வா."

மே 27, புதன்

எழுதும்போதே கை நடுங்குகிறது. மேல் ஸ்வரத்திலா கீழ் ஸ்வரத்திலா என்று தெரியவில்லை.

ஒத்திகைக்கு எல்லோரும் இருந்தார்கள். பண்டிகைக்கு என்ன பாடுகிறோம் என்று கேட்க ஐயரும் வந்திருந்தார். பியூலா கடைசி பெஞ்சில். நான் ஆர்கனை அணைத்துவிட்டு எழுந்து நின்றேன். "பியூலாவைப் பத்தி ஊர்ல சுத்துத கதை நான் கெளப்புனது. பொய். மன்னிச்சிருங்க."

மொட்டையாக வாசித்துவிட்டேன். விளைவு? வயலட் டீச்சர் கண் கலங்கிவிட்டாள். "பாத்தியளா? நாத்தனாவுக்காகப் பழியத் தன் தலையில போட்டுக்கிடுதா! குடும்ப மானம்னா இதுல்லா!"

"இந்தக் காலத்துல யாரு செய்வா?" என்றார் இன்பராஜ் அண்ணாச்சி.

ஐயர் என்னைப் பரிவோடு பார்த்தார். கதை முன்னைவிட உறுதியாகிவிட்டது. பியூலா கண்ணை மூடிக்கொண்டாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இவ்வளவு நாள் பொய் சொன்னபோது நம்பினவர்கள், ஒரே ஒரு நாள் உண்மை சொன்னால் நம்ப மாட்டார்களாமே! பாட்டுப் புத்தகத்தின் மேலிருந்த பென்சிலை எடுத்தேன். கரும்பலகையில் பாட்டின் ஸ்வரங்களைச் சோல்ஃபாவில் எழுதிப்போட்டிருந்தார்கள். அதை அழித்தேன். பென்சில் பலகையில் எழுதாது என்று அக்சாள் சாக்பீஸ் கொடுத்தாள்.

"எட்டுப் பெட்டி" என்று எழுதினேன். "இது நெசம். நான் எண்ணுனேன். இது மட்டுந்தான் உள்ள ஸ்வரம். இனிமே நகைய ஒவ்வொண்ணா பாப்போம். 'மாப்பிள்ளை போன் பண்ணல.' இது நான் போட்டது. அவ்வோ எப்ப போன் பண்ணுவாவன்னு எனக்கு என்ன தெரியும்? நான் பகல் முழுக்கத் தையக்காரிகிட்டயும் மார்க்கெட்லயும் இருந்தேன். அடுத்தது 'கம்பெனிப் பொம்பள.' இதும் நான்தான். வயலட்டு, நீ அப்ப கொட்டாவி விட்ட, ஞாபகம் இருக்கா? கொட்டாவியப் பாத்ததும் சேத்தேன். நீ வாய மூடுன. ஒடனே பச்சச் சேலையும் குடுத்தேன். ஏன் பச்சன்னா அன்னைக்கு நீ பச்ச கட்டியிருந்த. அதான் கண்ணு முன்னால இருந்திச்சு."

வயலட் டீச்சர் குனிந்து தன் சேலையைப் பார்த்துக்கொண்டாள். இன்று மஞ்சள்.

"மலேசியாவ மட்டும் நான் எங்கேருந்து எடுத்தேன்னு எனக்கே புரியல" என்றேன்.

பிறகு வயலட் டீச்சர் தொண்டையைச் செருமினாள். "அது... நான் சேத்தது சுகிர்தா. எங்க கொழுந்தன் மலேசியாவுல இருக்கான்லா. சும்மா ஒரு எடம் சொல்லணுமேன்னு."

"அப்ப ரெட்டப் பிள்ளைங்க?"

அக்சாள் ஆர்கனுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு சொன்னாள், "ஒரு பிள்ளைன்னுதான் அண்ணாச்சிகிட்ட சொன்னேன்."

எல்லோரும் இன்பராஜ் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அவர் குழுவிலேயே ஆழமான குரலில், "எனக்கு ரெண்டுன்னு காதுல விழுந்திச்சு" என்றார்.

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். அப்புறம் அடக்க முடியவில்லை. பலகையில் ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு பெயர் எழுதிக்கொண்டே வந்தேன். மிச்சம் இருந்தது போலீஸ் கேஸ். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. சாக்பீஸோடு நின்றேன்.

ஐயர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "அது வந்து... 'கேஸ் எதுவும் இருக்கோ?'ன்னு நான் ஒரு கேள்வியாத்தான் கேட்டேன். அக்சாளம்மாகிட்ட."

ஐயர் பெயரையும் எழுதினேன். ஆலயத்தில் பாகுபாடு கூடாது.

அப்போது பியூலா எழுந்து முன்னால் வந்தாள். சிரிப்பு நின்றது. அவள் பலகையை மேலிருந்து கீழ்வரை நிதானமாக வாசித்தாள். டஸ்டரை எடுத்து எல்லாவற்றையும் அழித்தாள், எட்டுப் பெட்டியை மட்டும் விட்டுவிட்டு. அதன் கீழே எழுதினாள்: 'நாங்கள் பிரிந்துவிட்டோம்.' கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு ஐயரைப் பார்த்துச் சொன்னாள்.

"பெத்தவங்க கேட்டா இதச் சொல்லுங்க ஐயா. இதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

ஐயர் எழுந்து நின்றார். இருக்கையில் உட்கார்ந்தபடி பதில் சொல்லக் கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "நாளைக்குப் பத்து மணிக்கு வாங்கம்மா" என்றார்.

வயலட் டீச்சர் போகும்போது என்னிடம் பேசவில்லை. பச்சைச் சேலை விஷயம்.

மே 28, வியாழன்

இன்று வியாழக்கிழமை. ஐயர் கிராமத்துக்குப் போகவில்லை.

ஜூன் 1, திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. நிரந்தரம். தனசிங் கடிதத்தை மூன்று தடவை வாசித்துவிட்டு, "நல்லாதான இருக்கு" என்றார்.

பியூலாவின் கோபம் பாக்கி இருக்கிறது. இன்று காலை என் மணிக்கட்டை ஸ்கேலால் இரண்டு தட்டுத் தட்டினாள். ஒன்று பாடத்துக்கு.

ஜூன் 14, ஞாயிறு

பண்டிகை. காணிக்கைப் பை நகர ஆரம்பித்ததும் மினுவெட்டை ஆரம்பித்தேன். முதல் தடவை மொட்டையாக. பக்கம் திருப்ப நின்ற பியூலா, "இப்ப போடுங்க மைனி" என்றாள். திரும்ப வாசிக்கும்போது நகைகளைப் போட்டேன், எல்லாவற்றையும் இல்லை, பொறுக்கி எடுத்து. கடைசி ட்ரில்லில் மேல் ஸ்வரத்தில் சாய்ந்து நின்றேன். இடது கையோடு உரசியது. எனக்கே உடம்பு சிலிர்த்தது. மெதுவாக ஆரம்பித்து, வேகம் கூட்டி, இறங்கி, ஒத்துப்போனது. இன்பராஜ் அண்ணாச்சி அடுத்த வரிக்கு மூச்சு இழுத்தார். பாட்டு இல்லை என்று யாரோ முழங்கையால் இடித்தார்கள்.

அசன விருந்தில் வயலட் டீச்சர் என் இலையில் தானாகவே ஒரு அகப்பைக் கறி வைத்தாள். பேசிவிட்டோம்.

சாயங்காலம் பியூலா வாடகை வீடு பார்த்துவிட்டதாகச் சொன்னாள். இரண்டு தெரு தள்ளி. வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறாள். நல்லதுதான். ஹாலில் நடக்க இடம் கிடைக்கும். பியானோ சத்தம் இல்லாமல் மத்தியானம் தூங்கலாம்.

"பண்டிகையும் முடிஞ்சிட்டு, இனி பாடம் எதுக்கு மைனி?" என்றாள்.

"எதுக்கா? அந்தப் புத்தகத்துல நான் படிக்காத நகை இன்னும் பதினொண்ணு இருக்குட்டி. தெனமும் சாயங்காலம் வந்தாக்கூட கிறிஸ்மஸ் ஆயிரும்."

புத்தகத்தில் பாக்கி இருப்பது நான்கு. அந்தப் புத்தகத்தை அவள் இருபது வருடமாக மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறாள்.

பியூலா என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"பன்னெண்டு, மைனி" என்றாள்.